போட மறுத்தார், போட்டதை மறுத்தார்

போடிநாயக்கனூரில் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, சாயங்காலங்களில் வீட்டுத் திண்ணையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதும் பையன் வருகிறான். விடிவதற்கு முன் ஜீப் ஏறி, போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, பூப்பாறைப் பக்கம் காய் எடுக்கப் போகிற ஒரு தாயின் மகள் வருகிறாள். கல்லூரியில் முதல் வருஷம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பத்து வருஷம் கழித்துத் திரும்பப் புத்தகத்தை எடுத்திருக்கிற ஜீப் டிரைவர் ஒருவரும் வருகிறார்.

மூவரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். ஒரு வினைச்சொல்லுக்குப் பின்னால் இன்னொரு வினை வரும்போது நடுவில் 'டு' போடுவதா, வாலில் 'இங்' சேர்ப்பதா? 'வான்ட் டு கோ' சரி. 'என்ஜாய் டு கோ' ஏன் தவறு? இலக்கணப் புத்தகங்கள் முதலாவதை இன்ஃபினிட்டிவ் என்றும் மற்றதை ஜெரண்ட் என்றும் பெயர் சொல்லி, இரண்டு பட்டியல் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லும். அந்தப் பட்டியலைப் பல வருஷம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். பரீட்சை முடிந்த மறுவாரமே அது பிள்ளைகள் மனசிலிருந்து உதிர்ந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். பிறகுதான் வேறு வழி தேடினேன். அது நம் வாயிலேயே இருந்தது.

தொடக்கநிலையில் இருக்கிற தம்பிகளுக்கும் தாயிகளுக்கும் இதை எழுதுகிறேன். திண்ணையில் பேசுவது போல 'நீ' என்றே எழுதுகிறேன்.

1. ஆங்கில வாக்கியத்தைத் தொடும் முன் அதைத் தமிழில் வாய்விட்டுச் சொல்.

இந்த இரண்டையும் சொல்லிப் பார். "கணக்கர் கையெழுத்துப் போட மறுத்தார்." "கணக்கர் கையெழுத்துப் போட்டதை மறுத்தார்." இரண்டிலும் வினை 'மறு'தான். ஆனால் முதலாவதில் காகிதம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. இரண்டாவதில் காகிதத்தில் கையெழுத்து இருக்கிறது. அவர் 'நான் போடவில்லை' என்கிறார். ஆங்கிலக்காரர்கள் இதற்கு இரண்டு தனி வினை வைத்திருக்கிறார்கள். முதலாவது 'ஹி ரெஃப்யூஸ்டு டு சைன்'. இரண்டாவது 'ஹி டினைட் சைனிங்'. நாம் 'போட' என்ற இடத்தில் அவர்களுக்கு 'டு'. நாம் 'போட்டதை' என்ற இடத்தில் அவர்களுக்கு 'இங்'.

'ஒப்புக்கொள்' என்பதையும் எடுத்துப் பார். "பணம் கொடுக்க ஒப்புக்கொண்டார்" என்றால் 'அக்ரீட் டு பே'. "பணம் எடுத்ததை ஒப்புக்கொண்டார்" என்றால் 'அட்மிட்டட் டேக்கிங் த மணி'. இந்த வித்தியாசத்தை உனக்கு யாரும் பள்ளியில் சொல்லித்தரவில்லை. பால்குடி மறந்து பேச ஆரம்பித்தபோதே வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு வரும்போது அதை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதே. கூடவே எடுத்துக்கொண்டு வா.

2. தமிழில் 'செய்ய' என்று வந்தால், முதலில் 'டு' போட்டுப் பார்.

"மிளகு நட முடிவெடுத்தார்": 'டிசைடட் டு பிளான்ட் பெப்பர்'. "ஜீப் ஓட்டக் கற்றுக்கொண்டாள்": 'லேர்ன்ட் டு டிரைவ்'. "கடனை அடைக்கத் தவறினார்": 'ஃபெயில்டு டு ரீபே'. "மேலே படிக்க விரும்புகிறேன்": 'ஐ வான்ட் டு ஸ்டடி ஃபர்தர்'. இவை எல்லாவற்றிலும் பின்னால் வருகிற வேலை அந்த நேரத்தில் இன்னும் நடக்காத வேலை.

இந்த 'டு' எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் பயம் போகும். பழைய ஆங்கிலத்தில் அது திசையைக் காட்டும் சொல். மலைக்கு, சந்தைக்கு என்று நாம் போடும் 'கு' மாதிரி. அதையே வினைக்கும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நம் தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகளைச் சொல்லும்போது 'செய' என்பதோடு 'செயற்கு' என்பதையும் சேர்த்தே சொல்கிறது. அந்த 'செயற்கு' என்பதன் கடைசியில் இருப்பது அதே 'கு'. நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான்.

3. 'செய்வதை', 'செய்ததை' என்று வந்தால் 'இங்'. 'செய்து' என்று வந்தாலும் பெரும்பாலும் 'இங்'.

'ஐ' உருபு ஒட்டிவிட்டால் அந்தச் செயல் ஒரு பொருளாகிவிடுகிறது. மூட்டையைத் தள்ளி வைப்பது போல அதைத் தள்ளி வைக்கலாம், கீழே போடலாம், பக்கத்தில் உட்கார்ந்து ரசிக்கலாம். "மழையில் மருந்து அடிப்பதைத் தவிர்": 'அவாய்ட் ஸ்ப்ரேயிங் இன் த ரெய்ன்'. "ஸ்டோரைப் பழுதுபார்ப்பதை ஒத்திப்போட்டார்கள்": 'போஸ்ட்போன்டு ரிப்பேரிங் த ஸ்டோர்'. "புகை பிடிப்பதை விட்டார்": 'கேவ் அப் ஸ்மோக்கிங்'. "மலையில் நடப்பதை ரசிக்கிறேன்": 'ஐ என்ஜாய் வாக்கிங் இன் த ஹில்ஸ்'. முன்பு கேட்டேனே, 'என்ஜாய் டு கோ' ஏன் தவறு என்று. "போக ரசிக்கிறேன்" என்று தமிழில் சொல்லிப் பார். நாக்கே ஒத்துக்கொள்ளாது.

அடுத்து 'செய்து'. "காய் எடுத்து முடித்தார்கள்": 'ஃபினிஷ்டு பிக்கிங்'. "ஏறிக்கொண்டே இருந்தோம்": 'கெப்ட் கிளைம்பிங்'. "பேசிப் பழகு": 'பிராக்டிஸ் ஸ்பீக்கிங்'. நம் இலக்கணத்தில் 'செய்வது' தொழிற்பெயர், 'செய்து' வினையெச்சம். இரண்டும் வேறு வேறு. ஆங்கிலம் இரண்டையும் ஒரே 'இங்' என்ற சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. அதனால் நமக்கு மூன்று வடிவம், அவர்களுக்கு இரண்டு. மூன்றிலிருந்து இரண்டுக்குப் போவது சுலபம். அங்கிருந்து தமிழுக்கு வருகிறவன் பாடுதான் கஷ்டம்.

4. 'ஸ்டாப்' என்ற சொல்லை எழுதும்போது பேனாவை ஒரு நிமிஷம் தூக்கி வை.

தமிழில் நமக்கு 'நில்' உண்டு, 'நிறுத்து' உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே 'ஸ்டாப்'. அதனால் அர்த்தத்தின் பாரம் முழுக்கப் பின்னால் வருகிற வினையின் மேல் விழுகிறது. "ஜீப்காரர் டீ குடிக்க நின்றார்": 'ஸ்டாப்டு டு டிரிங்க் டீ'. "ஜீப்காரர் டீ குடிப்பதை நிறுத்திவிட்டார்": 'ஸ்டாப்டு டிரிங்கிங் டீ'. முதல் ஆளுக்குக் கடையில் ஒரு டீ விற்கும். இரண்டாவது ஆளுக்கு விற்காது.

என்னிடம் படித்த ஒரு பையன் ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் ஒரு கடையில் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துவந்தான். வளைகுடா நாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு, "மாதிரி அனுப்புவதை நிறுத்திவிட்டோம்" என்று தெரிவிக்க வேண்டியிருந்தது. இவன் 'வி ஹாவ் ஸ்டாப்டு டு சென்ட் சேம்பிள்ஸ்' என்று எழுதிவிட்டான். அவர் அதை, மற்ற வேலையை நிறுத்திவிட்டு மாதிரி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் காத்திருந்துவிட்டுக் கோபமாக எழுதினார். கடிதத்தின் நகலோடு பையன் என் வீட்டுக்கு வந்து அழுதான். அவன் படித்த பட்டியலில் 'ஸ்டாப்' இரண்டு பக்கமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளம் எவ்வளவு ஆழம் என்று நான் அவனுக்குக் காட்டியிருக்கவில்லை. அந்த நாளிலிருந்து முதல் வாரத்திலேயே இந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

நம் ஊர் ரயிலையே எடுத்துக்கொள். மதுரையிலிருந்து போடிக்கு ஓடிய மீட்டர் கேஜ் வண்டி அகலப்பாதை வேலைக்காக நின்றுபோனது. 2023இல்தான் ரயில் மறுபடி போடிக்கு வந்தது. 'த டிரெய்ன் ஸ்டாப்டு ரன்னிங்' என்று எழுத வேண்டும். 'ஸ்டாப்டு டு ரன்' என்றால், ஓடுவதற்காக வண்டி எங்கோ நின்றது என்று ஆகும்.

5. ஞாபகம், மறதி, முயற்சி மூன்றையும் ஸ்டோர்ப் பூட்டை வைத்துப் படி.

காய் உலர்த்தும் ஸ்டோரில் ராத்திரிக் காவல் இருப்பவர் சொல்லக்கூடிய நான்கு வாக்கியங்கள் இவை. "பூட்ட மறந்துவிட்டேன்": 'ஐ ஃபர்காட் டு லாக் இட்'. கதவு திறந்து கிடக்கிறது. "பூட்டியதை மறந்துவிட்டேன்": 'ஐ ஃபர்காட் லாக்கிங் இட்'. கதவு பூட்டித்தான் இருக்கிறது; அவருக்கு நினைவில்லை. "மறக்காமல் பூட்டினேன்": 'ஐ ரிமெம்பர்டு டு லாக் இட்'. "பூட்டியது ஞாபகம் இருக்கிறது": 'ஐ ரிமெம்பர் லாக்கிங் இட்'. காய் காணாமல்போன மறுநாள் விசாரணையில் இந்த நான்கில் எதைச் சொல்கிறார் என்பதில் ஒரு மனிதனின் வேலை அடங்கியிருக்கிறது.

'டிரை' வேறு மாதிரி. "பூட்டைத் திறக்க முயன்றார்": 'டிரைட் டு ஓப்பன்'. கஷ்டப்பட்டார், திறந்ததா என்று தெரியாது. "வேறு சாவி போட்டுப் பார்த்தார்": 'டிரைட் யூஸிங் அனதர் கீ'. நம்முடைய 'செய்து பார்' இருக்கிறதே, அதற்கு ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது. சாப்பிட்டுப் பார், கேட்டுப் பார், எழுதிப் பார் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். அத்தனையும் 'டிரை' போட்டு 'இங்'.

6. தமிழ் உன்னைக் கீழே தள்ளும் இடங்களையும் தெரிந்து வைத்துக்கொள்.

இதுவரை சொன்னதை நம்பி எல்லா இடத்திலும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் விழுவாய். மலைப்பாதையில் எந்த வளைவில் மண் சரியும் என்று தெரிந்தவன்தான் நல்ல டிரைவர். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்த்த வளைவுகளைச் சொல்கிறேன்.

"எனக்கு நீந்தத் தெரியும்" என்பதை 'ஐ நோ டு ஸ்விம்' என்று எழுதுகிறார்கள். 'நோ' தனியாக 'டு' ஏற்காது. நடுவில் 'ஹவ்' வேண்டும். 'ஐ நோ ஹவ் டு ஸ்விம்'. இல்லையென்றால் 'ஐ கேன் ஸ்விம்'. வேலைக்கு மனுப் போடும்போது 'ஐ நோ டு டைப்' என்று எழுதி அனுப்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர்.

"மேனேஜர் வரச் சொன்னார்." யாரை என்று தமிழில் சொல்லத் தேவையில்லை, கேட்கிறவனுக்குப் புரிந்துவிடும். அதே பழக்கத்தில் 'த மேனேஜர் டோல்டு டு கம்' என்று எழுதினால் ஆங்கிலத்தில் வாக்கியம் நொண்டும். 'டோல்டு மீ டு கம்'. சொல்கிறவன் இருந்தால் கேட்கிறவனும் அங்கே நிற்க வேண்டும்.

"மூட்டையைச் சுமக்க வைத்தார்", "என்னைப் போக விட்டார்." இரண்டிலும் 'செய்ய' இருக்கிறது. ஆனாலும் 'டு' கிடையாது. 'மேட் மீ கேரி த சாக்'. 'லெட் மீ கோ'. 'மேக்', 'லெட்' இரண்டும் வினையை அப்படியே வாங்கிக்கொள்ளும். சுமக்க வைக்கப்பட்டேன் என்று திருப்பிச் சொல்லும்போது மட்டும் 'டு' திரும்பி வரும்: 'ஐ வாஸ் மேட் டு கேரி'. 'முடியும்', 'வேண்டும்' என்பவையும் இந்த வகைதான். 'கேன்', 'மஸ்ட்' என்ற சொற்களுக்குப் பின்னால் 'டு' வராது.

"மோட்டார் வாங்குவதற்காகத் தேனி போனேன்." இந்த 'ஆக' நம்மை 'ஃபார்' பக்கம் இழுத்துக்கொண்டு போகும். 'ஐ வென்ட் டு தேனி ஃபார் பையிங்' என்று எழுதுவார்கள். போன காரணத்தைச் சொல்ல 'டு பை' போதும். ஒரு கருவி எதற்குப் பயன்படுகிறது என்று சொல்லும்போதுதான் 'ஃபார்' போட்டு 'இங்' வரும்: 'எ மெஷின் ஃபார் கிரேடிங் கார்டமம்'.

"நான் படிக்க வேண்டும் என்று அம்மா விரும்புகிறாள்." இந்த வாக்கியத்தை எழுதாத பிள்ளை என் திண்ணையில் கிடையாது. எல்லாரும் முதல் தடவை 'மை மதர் வான்ட்ஸ் தட் ஐ ஷுட் ஸ்டடி' என்றுதான் எழுதுவார்கள். 'மை மதர் வான்ட்ஸ் மீ டு ஸ்டடி' என்று எழுத வேண்டும். நம்முடைய 'என்று' வருகிற இடங்களில் தமிழ் உனக்கு வழி காட்டாது. நம்பு, வாக்குக் கொடு, மிரட்டு என்பவற்றுக்கு எல்லாம் 'டு': 'ஹோப் டு', 'பிராமிஸ் டு', 'திரெட்டன் டு'. ஆனால் "ரயிலில் போகலாம் என்று யோசனை சொன்னார்" என்றால் 'சஜஸ்டட் கோயிங் பை டிரெய்ன்'. 'சஜஸ்டட் மீ டு கோ' என்பது நம் நாட்டு அலுவலகங்களில் ஊறிப்போன தவறு. பெரிய அதிகாரிகள் கடிதத்திலும் பார்த்திருக்கிறேன். இந்த ஒரு வகையை மட்டும் மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

7. 'டு' என்று பார்த்ததும் வினையைப் பச்சையாக வைத்துவிடாதே. 'டு' இரண்டு உண்டு.

போடியில் பிறந்தவனுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். நம் ஊரில் 'ஏலம்' என்றால் செடியில் காய்ப்பதும் ஏலம். ஸ்பைசஸ் போர்டின் மையத்தில் விலை கேட்பதும் ஏலம். காய்க்கும் பெயர் பழைய சொல். விலை கேட்பதன் பெயர் போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. "ஏலத்துக்கு உரம் வைத்தேன்", "ஏலத்துக்குக் காய் போட்டேன்" என்று சொன்னால் இங்கே யாரும் குழம்புவதில்லை. பக்கத்துச் சொல் காட்டிக்கொடுத்துவிடும்.

'டு' அப்படித்தான். ஒன்று வினையின் அடையாளம்: 'வான்ட் டு ஹியர்'. இன்னொன்று வெறும் 'கு' உருபு. அதன் பின்னால் பெயர்ச்சொல்தான் உட்கார முடியும், வினை வந்தால் 'இங்' போட்டுப் பெயராகித்தான் உட்கார வேண்டும். 'வி லுக் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ' என்று கடிதக் கடைசியில் எழுதுவது இதனால்தான். சந்தேகம் வந்தால் 'டு' என்பதன் பின்னால் 'இட்' போட்டுப் பார். 'லுக் ஃபார்வர்டு டு இட்' நிற்கும். 'வான்ட் டு இட்' நிற்காது. நின்றால் 'இங்'.

இந்தப் பரீட்சை 'யூஸ்டு டு' என்பதற்கும் உதவும். 'ஷி யூஸ்டு டு கெட் அப் அட் ஃபோர்' என்றால் முன்பு நாலு மணிக்கு எழுந்துகொண்டிருந்தாள், இப்போது இல்லை. 'ஷி இஸ் யூஸ்டு டு கெட்டிங் அப் அட் ஃபோர்' என்றால் நாலு மணிக்கு எழுவது அவளுக்குப் பழகிவிட்டது. காய் எடுக்கப் போகும் நம் பெண்களைப் பற்றி எழுத வேண்டியது இரண்டாவது வாக்கியம்.

8. 'ஆஃப்', 'இன்', 'வித்தவுட்', 'பிஃபோர்', 'ஆஃப்டர்' பின்னால் எப்போதும் 'இங்'. விதிவிலக்கு தேடி நேரத்தை வீணாக்காதே.

9. 'பிகின்', 'ஸ்டார்ட்', 'கன்டின்யூ' மூன்றுக்கும் எது போட்டாலும் சரி. 'இட் ஸ்டார்டட் டு ரெய்ன்', 'இட் ஸ்டார்டட் ரெய்னிங்' இரண்டிலும் மழை ஒன்றுதான்.

10. பட்டியலை ஒரே நாளில் விழுங்காதே. அகராதியைத் திறந்து ஒவ்வொரு வினையாகப் பார்.

ஒரு வினைக்குப் பின்னால் என்ன வரும் என்று வகை பிரிக்கும் 'வினை அமைப்பு' என்ற எண்ணத்தை உலகம் முழுக்க வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஏ. எஸ். ஹார்ன்பி. அவர் ஜப்பானில் ஆங்கில ஆசிரியராக இருந்தவர். அங்கே பிள்ளைகள் இதே இடத்தில் தடுக்கி விழுந்ததைப் பார்த்து, வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்து ஓர் அகராதிக்குள் வைத்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதை மறுபதிப்பாகக் கொண்டுவந்தது. இன்று உன் ஃபோனில் இருக்கிற ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதன் வழிவந்ததுதான். எந்த வினையைத் தேடினாலும், பின்னால் 'டு' வருமா 'இங்' வருமா என்று அதிலேயே போட்டிருக்கும். அர்த்தத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதே.

அமைப்பு அமைப்பாகச் சொல்லிக்கொடுக்கும் இந்த முறை நம் மாகாணத்துக்கு 1950களில் வந்தது. அப்போதைய சென்னை அரசுப் பாடத்திட்டமே வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியதுதான். ஆசிரியர் ஒரு வாக்கியம் சொல்ல, வகுப்பு முழுக்கச் சேர்ந்து சொல்லும். ஒரு சொல்லை மாற்றிப் போட்டு மறுபடி சொல்லும். அப்படிப் படித்தவன் நான். பிறகு 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்ற ஆசிரியர் பெங்களூரிலும் சென்னையிலும் வேறு மாதிரி செய்து பார்த்தார். அமைப்புகளைச் சொல்லித்தராமல், ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றைக் கையில் கொடுத்து, கேள்விக்கு விடை கண்டுபிடிக்கவைத்தார். மனம் அர்த்தத்தில் இருக்கும்போது மொழி தானாகப் படியும் என்பது அவருடைய கட்சி. இரண்டு வழியையும் என் பிள்ளைகளிடம் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கூட்டமாகச் சொல்லிப் படித்தது நாக்கில் நின்றது, வேலையோடு சேர்த்துப் படித்தது கடிதம் எழுதும்போது கைகொடுத்தது. உனக்கு இரண்டும் வேண்டும்.

ஏலச் செடியில் எல்லாக் காயும் ஒரே நாளில் முற்றுவதில்லை. ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்கு ஒரு சுற்று வந்து, முற்றியதை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வினைகளையும் அப்படி எடு. இந்த வாரம் ஐந்து. அடுத்த சுற்றில் அதே ஐந்தையும் பார்த்துவிட்டு இன்னும் ஐந்து.

11. உன் வீட்டு வாக்கியத்தைக் கொண்டு பழகு.

இலக்கணப் புத்தகத்தில் இருக்கிற ஜானும் மேரியும் உனக்கு யாரும் இல்லை. அம்மா ஜீப்புக்குக் கிளம்பியது, தம்பி பள்ளிக்குப் போக மறுத்தது, கடை முதலாளி சம்பளம் ஏற்றித்தர ஒப்புக்கொண்டது, மழை நின்றதும் மேட்டில் கரண்ட் வந்தது என்று அன்றைக்கு நடந்ததிலிருந்து ஐந்து வாக்கியம் தமிழில் எழுது. 'செய்ய' வந்த இடத்தில் ஒரு கோடு, 'செய்வதை', 'செய்ததை', 'செய்து' வந்த இடத்தில் இரண்டு கோடு. அதற்கு அப்புறம் ஆங்கிலத்தில் எழுது. எழுதியதைச் சத்தமாக வாசி. பக்கத்து வீட்டார் கேட்டால் கேட்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து நான் திண்ணையில்தான் இருப்பேன். கட்டணம் கிடையாது. எழுதிய நோட்டை மட்டும் கொண்டு வா. அடித்தல் திருத்தலோடு அப்படியே கொண்டு வா.